டே ஸ்காலர்களின் மாலை 4 மணிச் சிக்கல்: செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லைன்களில் வந்து போகிறவர்களுக்கு

செங்கை_லோக்கல்

கட்டணச் சலுகை, பாஸ் பற்றியெல்லாம் தனி இழை ஓடுகிறது. இங்கே ஆட்களைப் பற்றி மட்டும் பேசலாம். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கோ, திருவள்ளூரிலிருந்து சேப்பாக்கத்துக்கோ தினமும் வந்து போகிற மாணவர் படிப்பை முடித்து வெளியே வரும்போது டிகிரி இருக்கிறது, கூடப் படித்தவர்களில் நினைத்தவுடன் போன் செய்ய ஆள் இல்லை. ஏன்?

கணக்கு முதலில். செங்கல்பட்டு–கிண்டி லோக்கலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வீட்டிலிருந்து ஸ்டேஷன், வண்டிக்குக் காத்திருப்பது, இறங்கிய பிறகு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ எல்லாம் சேர்த்தால் 2 மணி நேரம். போக வர 4. வாரத்துக்கு 20 மணி நேரம். எல்லோரும் இந்த 20 மணி நேரத்தைத்தான் பேசுகிறார்கள்: தூக்கம் போகிறது, படிக்க முடியவில்லை என்று. நட்பு போவது அங்கே இல்லை என்பது என் கருத்து. வகுப்பு முடிகிற 4 மணியிலிருந்து இரவு 8 வரை கேம்பஸில் ஒரு வேலையும் குறிக்காமல் கிடக்கிற நேரம் இருக்கிறதே, அதில்தான் போகிறது. டைம்டேபிளில் இல்லாத நேரம் என்பதால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'எல்லாம் நம்ம மனசுல தான் இருக்கு' வகை பதில்கள் வேண்டாம்.

ரெக்கார்டு_நோட்டு

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 4 மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். சிம்போசியம் (டிபார்ட்மென்ட் நடத்தும் போட்டி விழா) கமிட்டி கூடுகிறது. கல்சுரல்ஸ், அதாவது கலைவிழா ஒத்திகை. சீனியர்கள் எந்தக் கம்பெனி எந்த ரவுண்டில் என்ன கேட்டது என்று மரத்தடியில் பேசுகிறார்கள். எந்த சார் இன்டர்னலில் எதை எதிர்பார்ப்பார் என்ற தகவல் அங்கேதான் கை மாறுகிறது. மறுநாள் காலை வருகிற டே ஸ்காலருக்கு முடிவு மட்டும் வாட்ஸப்பில் வரும், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது வராது.

இதில் அதிகம் அடிபடுவது ப்ராஜெக்ட் டீம். நாலு பேர் டீமில் மூன்று பேர் ஹாஸ்டல் என்றால் வேலை இரவு 10 மணிக்கு மேல் ஒரே அறையில் நடக்கும். டே ஸ்காலருக்கு 'நீ ரிப்போர்ட்டும் பிபிடியும் பார்த்துக்கோ' என்று வரும். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் ரிவியூவில் பேனல் தனித்தனியாகக் கேள்வி கேட்கும். ரிப்போர்ட் எழுதியவரிடம் கோடிங்கில் கேட்டால் முழிப்பார், மார்க் போகும். மற்ற மூவரும் 'இவன் ஒண்ணும் செய்யல' என்று பேச ஆரம்பிப்பார்கள். அடுத்த செமஸ்டர் டீம் சேர்க்கும்போது பெயர் விட்டுப்போகும்.

சரி செய்யும் வழி:

டீம் சேர்ந்த முதல் வாரத்திலேயே தனியாகப் பிரித்தெடுக்கக்கூடிய ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். என்ன உள்ளே வரும், என்ன வெளியே போகும் என்று ஒரு பக்கத்தில் எழுதி குரூப்பில் போட்டுவிட்டால் அதை வீட்டில் தனியாகச் செய்யலாம். டீம் கூடும் நேரத்தை டைம்டேபிளுக்குள் கொண்டு வாருங்கள். லைப்ரரி ஹவர், லேப் சீக்கிரம் முடிகிற நாள், எது கிடைத்தாலும். வாரம் ஒரு முறை, 40 நிமிடம், கிழமை மாறக்கூடாது. இரவு கூட்டம் என்றால் 9:30க்கு வையுங்கள் என்று சொல்லுங்கள். 7:30க்கு ஒப்புக்கொண்டால் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'ஹலோ, கேக்குதா?' என்பதோடு முடியும்.

செய்த வேலையைச் செய்த அன்றே குரூப்பில் போடுவதும் அவசியம். ஹாஸ்டல்காரர் உழைப்பதை மற்றவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். உங்களுடையதை யாரும் பார்ப்பதில்லை.

மல்லிகா_தாம்பரம்

மாணவிகள் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. பல கல்லூரிகளில் பெண்கள் ஹாஸ்டல் கேட்டை மாலையிலேயே மூடிவிடுகிறார்கள். ஆகவே மாலையில் கேம்பஸில் இருக்கும் நேரத்தைப் பார்த்தால் டே ஸ்காலர் மாணவிக்கும் ஹாஸ்டல் மாணவிக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் கேட்டுக்கு உள்ளே போன பிறகு வருகிறது. அங்கே நம்மால் போக முடியாது. விருந்தினராக ஒரு இரவு தங்க வார்டன் அனுமதி வேண்டும், பெற்றோர் கடிதம் வேண்டும், அன்றைக்கே கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். சிம்போசியத்துக்கு முந்தின நாள் தங்க வேண்டும் என்றால் குறைந்தது ஒரு வாரம் முன்பே, நிகழ்ச்சிப் பொறுப்பு ஆசிரியரின் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். ஆசிரியர் கையெழுத்து இருந்தால் வார்டனுக்கும் பொறுப்பு குறைகிறது, அதனால் ஒப்புக்கொள்வார்.

அடுத்தது வீடு. 'ஏன் இவ்வளவு லேட்டு?' என்ற கேள்விக்கு அன்றாடம் புதுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் எல்லாவற்றுக்கும் தடை வரும். செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒரு கிழமையைச் சொல்லிவிடுங்கள்: 'வியாழக்கிழமை மட்டும் 8:30 ஆகும்.' ஒரு கிழமை மட்டும், அதுவும் மாறாமல். விசேஷ நாட்களுக்கு முன்கூட்டியே நாலு தகவல் கொடுங்கள்: நிகழ்ச்சி எங்கே, பொறுப்பு யார், எந்த வண்டியில் திரும்புவேன், எந்த ஸ்டேஷன் வரை யார் கூட வருகிறார்கள். லைவ் லொகேஷனை வீட்டார் கேட்கும் முன் நீங்களே அனுப்பினால் நடுவில் போன் வராது. நண்பர்கள் மத்தியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அம்மா போன் வருவதும் ஒரு சமூகப் பிரச்சினைதானே, சிரிக்காதீர்கள்.

திரும்பும் வண்டியைத் தேர்வு செய்யும்போது கடைசி வண்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கு இரண்டு வண்டி முந்தையதைக் குறி வையுங்கள். இரவில் வண்டிகளுக்கு இடைவெளி கூடும், தாம்பரத்தைத் தாண்டிப் போகிற வண்டிகள் பகலிலேயே குறைவு. தாம்பரத்தோடு நிற்கும் வண்டியில் ஏறிவிட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் ப்ளாட்ஃபார்மில் அரை மணி நேரம் தனியாக நிற்க நேரும்.

இரவில் லேடீஸ் பெட்டி காலியாக இருந்தால் அதில் ஏறாமல், குடும்பங்கள், வேலை முடிந்து போகும் பெண்கள் இருக்கும் பொதுப்பெட்டியில் ஏறுவது மேல். ரயிலில் தொந்தரவு என்றால் 139. பெண்களுக்கான உதவி எண் 181.

பேசின்_பிரிட்ஜ்

லேடீஸ் பெட்டி பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை அக்கா. 8 மணிக்கு சென்னை பீச் ஸ்டேஷன்–தாம்பரம் லைனில் பொதுப்பெட்டி நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தொந்தரவு நெரிசலிலும் வரும்.

மல்லிகா_தாம்பரம்

@பேசின்_பிரிட்ஜ் உண்மை. 8 மணிக்கு லேடீஸ் பெட்டியும் காலியாக இருக்காது, அதிலேயே ஏறலாம். நான் சொன்னது 9:30க்கு மேல், இரண்டு பேர் மட்டும் இருக்கிற பெட்டியைப் பற்றி.

டிபன்_கேரியர்

மதிய நேரத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. ஹாஸ்டல்காரர்கள் மெஸ்ஸுக்கு, டே ஸ்காலர்கள் வகுப்பிலேயே டப்பாவைத் திறந்து. நாலு வருஷமும் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து சாப்பிடாமலே போகலாம். தினமும் 45 நிமிடம், ரயில் நேரம் எதையும் தொடாமல் கிடைக்கிற நேரம் இது.

வீட்டுச் சாப்பாடுதான் டே ஸ்காலரின் முதலீடு. மூன்று வாரம் மெஸ் சாம்பார் சாப்பிட்டவர் முன்னால் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு ஆளுக்குக் கூடுதலாகக் கட்டி வாருங்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தக்காளி சாதம்தான் சரி. காலை 5 மணிக்குக் கட்டியது மதியம் 12:30 வரை தாங்க வேண்டும். தேங்காய் சாதம், தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் ஊசிப்போகும். தயிர் சாதம் என்றால் பாலை அதிகமாக ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிரை மட்டும் விட்டுக் கிளறுங்கள், மதியத்துக்குள் தோய்ந்து புளிக்காமல் இருக்கும். ரசம், குழம்பைத் தனியாக எடுத்து வருகிறவர்கள் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். நெரிசலில் பை சாய்ந்து ரெக்கார்டு நோட்டில் கொட்டினால் அந்தப் பக்கத்துக்கு மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும்.

மெஸ்ஸில் விருந்தினர் டோக்கன் கொடுக்கும் கல்லூரி என்றால் மாதம் ஒரு முறை நீங்கள் அங்கே போங்கள். ஒருதலையாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் நன்றாக இருக்காது.

எட்டாவது_பெட்டி

ரயிலே ஒரு நட்பு இடம் என்பதை விட்டுவிட்டீர்கள். அதே வண்டி, அதே பெட்டி, அதே கதவு என்று மூன்று வாரம் ஏறினால் போதும், கேங் அமைந்துவிடும். வேறு கல்லூரி, வேறு டிபார்ட்மென்ட், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் கலந்திருப்பார்கள். தாம்பரத்தில் கிளம்புகிற வண்டியில் முதல் ஆள் நாலு சீட் போடுவார். ரயில் தாமதம் முதலில் அந்தக் குரூப்பில்தான் வரும். ஹாஸ்டலில் கிடைக்காத பழக்கம் இது, ஏன் புலம்ப வேண்டும்?

பழைய_வாத்தியார்

எட்டாவது பெட்டி சொல்வது செங்கல்பட்டு லைனில் பொருந்தும். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லைன்களிலும் சில மாநகரப் பேருந்துத் தடங்களிலும் 'ரூட்டு' என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் சென்னையில் கல்லூரிக்கு வந்து போவதைப் பற்றிப் பேச முடியாது.

ஒரே தடத்தில் வரும் ஒரே கல்லூரி மாணவர்கள் சேர்ந்து, அதற்கு ஒரு 'ரூட்டு தல', பாட்டு, கோஷம், வேறு கல்லூரி ரூட்டோடு பகை. மாணவர்கள் தங்கள் தடத்துப் பஸ்ஸில் கூட்டமாக ஊர்வலம் போகிற 'பஸ் டே' கொண்டாட்டத்துக்கு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2019 ஜூனில் பஸ் கூரையில் ஏறி ஆடிய மாணவர்கள் பிரேக் போட்டதும் கொத்தாகக் கீழே விழுந்த காட்சி நாடெங்கும் ஓடியது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் மருத்துவமனையில் இறந்தார். தினம் ரயிலில் வந்து போன பையன்.

சேருகிற எல்லாரும் ரவுடிகள் என்று நினைப்பது தவறு. வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவன், நகரத்தில் ஒருவரையும் தெரியாதவன், முதல் நாள் ப்ளாட்ஃபார்மில் நிற்கிறான். 'தம்பி எந்த ஊரு, எந்த டிபார்ட்மென்ட்?' என்று முதலில் கேட்பது ரூட்டுதான். கல்லூரி அதைக் கேட்கவில்லை. நோட்ஸ் தருவார்கள், ஃபீஸ் கட்ட முடியாவிட்டால் வசூல் செய்து கொடுப்பதும் உண்டு. பிறகு ஒரு நாள் 'எல்லாரும் வரணும்' என்று அழைப்பு வரும், அன்றைக்கு மறுக்க முடியாது.

விலகி இருக்க நடைமுறையில் செய்யக்கூடியவை: ஐடி கார்டை கல்லூரி கேட்டுக்கு வெளியே கழற்றிப் பைக்குள் வையுங்கள், பட்டையின் நிறத்தை வைத்தே எந்தக் கல்லூரி என்று கண்டுபிடிப்பார்கள். கூட்டம் ஏறுகிற பெட்டி எது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும், அலுவலகம் போகிறவர்கள் ஏறும் பெட்டிக்கு மாறுங்கள். ரூட்டு வாட்ஸப் குரூப்பில் எண்ணைச் சேர்க்க விடாதீர்கள். வழக்கு என்று வந்தால் குரூப்பில் இருந்த பெயர்களையும் விசாரிப்பார்கள். முகத்தில் அடித்தாற்போல் 'வரமாட்டேன்' என்று சொல்லத் தேவையில்லை. 'காலையில ட்யூஷன் எடுக்கிறேன், முந்தின வண்டி' என்று நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும், பகை வராது. எஃப்ஐஆரில் பெயர் ஏறினால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும். ஃபுட்போர்டும் அப்படித்தான்: எச்சரித்த பிறகும் தொங்கினால் ரயில்வே சட்டம் 156ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

எட்டாவது_பெட்டி

சார், ஏற்றுக்கொள்கிறேன். கேங்கில் வேலைக்குப் போகிறவர்கள் கலந்திருந்தால் அது வம்புக்குப் போகாது, ஒரே கல்லூரி மட்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

ஓஎம்ஆர்_பஸ்_நம்பர்_17

கல்லூரி பஸ்ஸில் போகிறவர்கள் நிலை இன்னும் மோசம். ஸ்ரீபெரும்புதூர், ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத் தனியார் கல்லூரிகளில் கடைசி மணி அடித்து 10, 15 நிமிடத்தில் வண்டிகள் வரிசையாகக் கிளம்பிவிடும். சந்தேகம் கேட்க சாரிடம் நின்றால் பஸ் போய்விடும். பல இடங்களில் பசங்க பின்னால், பொண்ணுங்க முன்னால், பேசக்கூடாது, பஸ் இன்சார்ஜ் முன் சீட்டில். ஒன்றரை மணி நேரம் ஹெட்ஃபோனோடு வேடிக்கை பார்ப்பதுதான்.

கட்டணம் வருஷத்துக்கு மொத்தமாக வாங்குவார்கள், நடுவில் விட்டால் திரும்பக் கிடைப்பது அரிது. எனவே முதல் வருஷம் பஸ், இரண்டாம் வருஷத்திலிருந்து யோசித்து முடிவு என்று வையுங்கள். ஸ்பெஷல் கிளாஸ், பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்குக்கு ஓடுகிற லேட் பஸ் இருக்கிறதா, எந்த ஸ்டாப்பிங் வரை என்று சேரும்போதே கேளுங்கள். பல கல்லூரிகளில் லேட் பஸ் தாம்பரம், கோயம்பேடு மாதிரி பெரிய இடங்களோடு நின்றுவிடும்.

வேறு ரூட் பஸ்ஸில் நண்பரோடு போக வேண்டும் என்றால் முந்தின நாளே டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜிடம் கடிதம் கொடுக்க வேண்டும். சும்மா ஏறினால் வழியில் இறக்கிவிடுவார்கள்.

ரெக்கார்டு_நோட்டு

முதல் ஹவர் பற்றி ஒன்று. 3 கிரெடிட் தியரி பேப்பருக்கு 45 ஹவர் என்றால் 75 சதவீத அட்டென்டன்ஸுக்கு 34 ஹவர் உட்கார வேண்டும். 11 ஹவர்தான் விடலாம். அந்தப் பேப்பர் வாரம் இரண்டு நாள் முதல் ஹவரில் இருந்து, வண்டி தாமதத்தால் வாரம் அதில் ஒன்று போனாலும் செமஸ்டர் முடிவதற்குள் எல்லையைத் தொட்டுவிடும். சில இடங்களில் பேப்பர் வாரியாகப் பார்ப்பார்கள், சில இடங்களில் மொத்தமாக. உங்கள் ரெகுலேஷனில் எது என்று பாருங்கள்.

இதில் சமூகப் பக்கமும் உண்டு. தினமும் 10 நிமிடம் தாமதமாக வருகிறவர் காலியாக இருக்கும் பெஞ்சில்தான் உட்கார முடியும். நம் வகுப்புகளில் பெஞ்சுதான் நட்பு வட்டம். லேப் பேட்ச், அசைன்மென்ட், கேன்டீன் எல்லாம் பெஞ்ச்மேட்டோடுதான். ஆகவே முதல் மாதம் மட்டுமாவது ஒரு வண்டி முன்னால் பிடியுங்கள். அந்த ஒரு மாதத்தில் இடம் அமைந்துவிட்டால் பிறகு தாமதமானாலும் யாராவது பையைப் போட்டு இடம் வைத்திருப்பார்கள்.

தண்டலம்_கூட்டு_ரோடு

ரூம் எடுத்துத் தங்குவது பற்றி யாராவது சொல்லுங்க. சித்தி வீடு சைதாப்பேட்டையில் இருக்கு, அங்கே தங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மல்லிகா_தாம்பரம்

சொந்தக்காரர் வீடு தூரத்தைக் குறைக்கும், கட்டுப்பாட்டைக் குறைக்காது தம்பி. அம்மாவிடம் 8:30 என்று பேசி வாங்கலாம், சித்தியிடம் பேச முடியாது. 'எங்க பொறுப்புல இருக்க' என்று 7 மணிக்கே வாசலில் நிற்பார். தங்குவதென்றால் திங்கள் முதல் வியாழன் வரை என்று வையுங்கள், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விடுங்கள். மாதாமாதம் அரிசி, காய்கறி என்று ஏதாவது வீட்டிலிருந்து வரட்டும். காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், ஒன்றும் கொடுக்காவிட்டால் மனசில் வைத்துக்கொள்வார்கள்.

ரூம் என்றால் கடைசி வருஷ ப்ராஜெக்ட் செமஸ்டருக்கு மட்டும் மூன்று பேர் சேர்ந்து எடுப்பது பலருக்கும் சரிப்படுகிறது. அட்வான்ஸ் யார் பெயரில், நடுவில் ஒருவர் போனால் யார் கட்டுவது என்று எழுதி வையுங்கள். நட்பு முறிவது அநேகமாக அங்கேதான்.

பழைய_வாத்தியார்

இன்னொரு வழி இருக்கிறது, பலர் கண்ணில் படாதது. என்எஸ்எஸ்ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேருங்கள். இரண்டு வருஷத்தில் 240 மணி நேர வேலை, கூடவே 7 நாள் சிறப்பு முகாம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒன்றாகத் தங்கி, சமைத்து, வரிசையில் நின்று குளித்து ஏழு நாள். அங்கே ஹாஸ்டல், டே ஸ்காலர் என்ற பிரிவே கிடையாது. கல்லூரியே நடத்துவதால் வீட்டிலும் அனுமதி கிடைக்கும், பெற்றோருக்குக் கடிதம் போகும், மாணவிகளோடு பெண் ஆசிரியர் வருவார். என்சிசி (தேசிய மாணவர் படை) நல்லதுதான், ஆனால் பரேட் அதிகாலையில் வைத்தால் தூரத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டே மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்.

செங்கை_லோக்கல்

நன்றி சார், முகாம் விஷயம் தனி இழையாகவே போடலாம். சீசன் டிக்கெட்டுக்குத் தனி இழை என்று நானே சொன்னேன், ஆனாலும் இங்கே தொடர்புடையது ஒன்று. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். அது அந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் மட்டும் செல்லும். செங்கல்பட்டு–கிண்டி சீசனை வைத்துக்கொண்டு நண்பர்களோடு பீச் ஸ்டேஷன் வரை போனால் கிண்டிக்கு அப்பால் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். செக்கிங்கில் எல்லார் முன்னாலும் மாட்டுவதைவிட ஐந்து, பத்து ரூபாய் கொடுப்பது மேல். சொந்தக் காசில் சீசன் எடுப்பவர்கள் பீச் வரைக்குமே எடுத்தால் கூடுதல் செலவு சொற்பம்.

பேசின்_பிரிட்ஜ்

கல்சுரல்ஸ் ஞாயிற்றுக்கிழமை வைக்கிறார்கள். அன்றைக்கு வண்டி குறைவு என்கிறார்களே?

எட்டாவது_பெட்டி

ஆமாம், ஞாயிறும் தேசிய விடுமுறை நாளும் தனி அட்டவணை, வழக்கமான வண்டிகளில் பல ஓடாது. பராமரிப்புக்காகத் தடத்தை மூடி லைன் பிளாக் வைப்பதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான், பீச்–தாம்பரத்துக்கு நடுவில் சில மணி நேரம் வண்டியே இருக்காது. தெற்கு ரயில்வே அறிவிப்பை சனிக்கிழமை இரவே பார்த்துவிட்டு, கமிட்டியில் 'எனக்கு காலை ஷிஃப்ட் கொடுங்க' என்று கேட்டு வாங்குங்கள். மேடை, பேனர், ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க் எல்லாம் காலை வேலைதான். ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில் உட்கார்ந்தால் வருகிற எல்லோர் முகமும் உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் உங்களைத் தெரியும்.